பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: முதல்முறை நிறுவுவோருக்கு

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தன. என் மடிக்கணினி 2016-இல் வாங்கியது. நான்கு ஜிபி ரேம், ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போட எனக்கு மனமில்லை, புதிது வாங்கப் பணமும் இல்லை. அப்படித்தான் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளமான லினக்ஸுக்கு வந்தேன்.

மூன்று முறை நிறுவினேன். முதல்முறை கோப்புகளை இழந்தேன், இரண்டாம்முறை விண்டோஸ் பூட்டிக்கொண்டது, மூன்றாம்முறை எல்லாம் சரியாக நடந்தது. மூன்று முறையும் நிறுவும் வேலை அரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. என் தவறுகள் எல்லாம் அதற்கு முந்தைய ஆயத்தத்தில் நடந்தவை. அதனால் இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் ஆயத்தம்தான். தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

செலவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நிறுவிய லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்டுக்குக் கட்டணம் கிடையாது, உரிம எண் கிடையாது, ஆண்டுச் சந்தாவும் கிடையாது. நான் 16 ஜிபி பென் டிரைவுக்கு 350 ரூபாய் கொடுத்தேன். காப்புப் பிரதிக்கான வெளி ஹார்ட் டிஸ்க் நண்பரிடம் இரவல். பிறகு விருப்பப்பட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை 1,700 ரூபாய்க்கு மாட்டினேன். அது கட்டாயமல்ல, ஆனால் பழைய கணினிக்கு அதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரிந்து வேறில்லை. நேரத்துக்கு ஒரு வார இறுதியை முழுதாக ஒதுக்குங்கள். திங்கட்கிழமை காலை வேலை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

1. உங்கள் வேலை லினக்ஸில் நடக்குமா என்று பாருங்கள்

அன்றாடம் திறக்கும் மென்பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். உலாவி, மின்னஞ்சல், வங்கி இணையதளம், யூடியூப், வீடியோ அழைப்பு, கடிதம், கணக்குத் தாள் என்று பட்டியல் போனால் கவலையே இல்லை. ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் மின்டோடு சேர்ந்தே வருகின்றன. ஜூம் நிறுவனம் லினக்ஸுக்கும் செயலி தருகிறது.

டேலி, ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. இவற்றால் பிழைப்பவர்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம். பக்கத்திலேயே லினக்ஸையும் வைத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி, ஒப்பந்தப்புள்ளி வேலைகளுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்களுக்கும் இதையே சொல்வேன். சில டோக்கன்களுக்கு லினக்ஸ் இயக்கி (டிரைவர்) கிடைக்கிறது, ஆனால் கடைசித் தேதி மாலையில் அதைச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது.

பிரிண்டரையும் மறக்க வேண்டாம். பல ஹெச்பி பிரிண்டர்கள் செருகியவுடன் வேலை செய்கின்றன. சிறிய அலுவலகங்களில் நிறையப் பார்க்கக்கூடிய கேனான் எல்பிபி 2900 வகைக்குத் தனி இயக்கி வேண்டும், அதை நிறுவுவது புதியவருக்குச் சிரமம். உங்கள் பிரிண்டரின் மாடல் எண்ணோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை

கணினிக்குள் சேமித்தால் தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாது. அதனால் தாள்தான்.

மடிக்கணினியின் மாடல் எண் (அடிப்பக்கத்தில் இருக்கும்), ரேம் அளவு, ஹார்ட் டிஸ்க் அளவு. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பகுதியில் 64 பிட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய மின்ட் 22 வரிசை 64 பிட் கணினிகளில் மட்டுமே ஓடும். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லையும் எழுதுங்கள்.

அடுத்து, உலாவியில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்கள். பலருக்கு அவை நினைவிலேயே இருக்காது, உலாவிதான் நிரப்பிக்கொண்டிருக்கும். முக்கியமான கணக்குகளுக்குக் கடவுச்சொல்லை மீட்க உதவும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இன்னும் உங்களிடம் இருப்பவைதானா என்று உறுதி செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிட்லாக்கர் மீட்பு எண். பிட்லாக்கர் என்பது வன்தட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் குறியாக்கம். 48 இலக்கங்கள் கொண்டது. நீங்கள் பிட்லாக்கரை இயக்கியதாக நினைவில்லாவிட்டாலும், பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழையும்போதே குறியாக்கம் தானாக இயங்கிவிடுகிறது. இரண்டாம் முயற்சியில் நான் மாட்டியது இதில்தான். நண்பரின் கணினியில் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) ஒரே ஒரு அமைப்பை மாற்றினேன். மறுமுறை இயக்கியதும் நீலத்திரை 48 இலக்க எண்ணைக் கேட்டது. நல்லவேளை, அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருந்தது. கணக்கின் கடவுச்சொல்லை மீட்கத்தான் ஒரு நாள் போயிற்று.

விண்டோஸ் உரிமத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். கணினியோடு வந்த விண்டோஸ் என்றால் உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினியின் தாய்ப்பலகையோடு பிணைந்திருக்கும். பின்னாளில் அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் தானாக ஏற்றுக்கொள்ளும்.

3. காப்புப் பிரதி: டி டிரைவ் காப்பு அல்ல

நான் மெய்ப்புத் திருத்துபவன். விண்டோஸை மறுபடி நிறுவும்போதெல்லாம் கோப்புகளை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றிவிட்டு, சி-யை மட்டும் அழிப்பது என் பழக்கம். நம்மில் பலருக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். லினக்ஸ் நிறுவும்போதும் அதையே செய்தேன். நிறுவும் மென்பொருள் 'இரேஸ் டிஸ்க்' என்று ஒரு வழியைக் காட்டியது. சி-யைத்தான் சொல்கிறது என்று எண்ணி அழுத்தினேன்.

டிஸ்க் என்றால் முழு வன்தட்டு. சி, டி, இ எல்லாம் ஒரே தட்டில் போட்ட கோடுகள். நான் அழுத்தியதில் மொத்தமும் போயிற்று. ஒரு நாவலின் மூன்றாம் மெய்ப்பு அதில் இருந்தது. 412 பக்கங்களை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்துத் திருத்த எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. ஆசிரியர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார். அந்தப் பதினொரு நாள்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

ஆகவே காப்புப் பிரதி கணினிக்கு வெளியே இருக்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க், இல்லையென்றால் இன்னொருவரின் கணினி, சிறிய அளவுக்கு கூகுள் டிரைவ். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் நகலெடுங்கள். உலாவியின் புத்தகக்குறிகளையும், நீங்கள் பயன்படுத்தும் பழைய தமிழ் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துருக்கள் ஏன் என்பது பத்தாம் படியில் தெரியும்.

நகலெடுத்தது போதாது. அந்த ஹார்ட் டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, கோப்புறைக்கு ஒன்றிரண்டு கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் காப்பு. எனக்கு 90 ஜிபி நகலெடுக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. நிறுவும்போது இந்த வெளி டிஸ்கைக் கட்டாயம் கழற்றி வையுங்கள்.

4. எந்த லினக்ஸ்?

தேடினால் நூறு பெயர்கள் வரும். ஒரு வாரம் ஒப்பிட்டுக் களைத்துப் போவோர் அதிகம். விண்டோஸிலிருந்து வருபவருக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட் ஒன்றைத்தான். தொடக்கப் பொத்தான் இடக்கீழ் மூலையில், நேரம் வலக்கீழ் மூலையில், கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

மின்டில் சின்னமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகப்புகள். எட்டு ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் சின்னமன். நான்கு ஜிபியும் பழைய ஹார்ட் டிஸ்கும் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குத் தந்த பழைய மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால், அதற்கும் எக்ஸ்எஃப்சிஇதான் ஏற்றது. இரண்டு ஜிபி ரேம் குறைந்தபட்சம் என்று மின்ட் சொல்கிறது. ஆனால் அதில் உலாவியில் நான்கு தாவல் திறந்தாலே திணறும் என்பதை எதிர்பார்த்து இறங்குங்கள்.

5. பதிவிறக்கமும் பென் டிரைவும்

மின்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடாதீர்கள். கோப்பு ஏறக்குறைய மூன்று ஜிபி. கைபேசி இணையத்தில் நாளுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி திட்டம் வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே தடங்கல் வரும். பாதியில் வேகம் ஊர்ந்து, இணைப்பு அறுந்து, கோப்பு குறையாக நிற்கும். டாரன்ட் வழியாக இறக்கினால் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும். இல்லையென்றால் பிராட்பேண்ட் உள்ள வீட்டில் போய் இறக்குங்கள்.

இறக்கியதும் கோப்பு முழுமையாக வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். இணையதளத்தில் ஷா-256 என்ற பெயரில் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம் தரப்பட்டிருக்கும். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலச்சொடுக்கி அதே சரத்தைக் கணக்கிடலாம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல், குறையான கோப்போடு பாதி நாள் போராடியிருக்கிறேன்.

ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால் அதிலிருந்து கணினி இயங்காது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் எழுத வேண்டும். எட்டு ஜிபி பென் டிரைவே போதும். அதில் இருப்பவை அத்தனையும் அழிந்துவிடும் என்பதால் படங்கள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். ரூஃபஸ் கேட்கும் கேள்விகளுக்கு அது பரிந்துரைக்கும் விடையையே ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத ஏழெட்டு நிமிடம் ஆகும்.

6. விண்டோஸை வைத்துக்கொள்பவர்கள் செய்ய வேண்டியவை

விண்டோஸை முழுதாக நீக்குபவர்கள் இதைத் தாண்டலாம்.

முதலாவது, பிட்லாக்கரை அணையுங்கள். குறியாக்கம் நீங்கப் பெரிய தட்டில் சில மணி நேரம் ஆகலாம், இடையில் கணினியை நிறுத்தாதீர்கள். இரண்டாவது, கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நீக்குங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகும். மூன்றாவது, டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கிக் குறைந்தது 60 ஜிபி வெற்றிடம் உண்டாக்குங்கள். வெற்றிடத்தைப் புது டிரைவாக ஆக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

7. நிறுவும் முன் ஓட்டிப் பாருங்கள்

பென் டிரைவைச் செருகி, கணினியை முழுதாக நிறுத்தி, மறுபடி இயக்கும்போது பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய முதலில் எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போய் அதை இயக்க வேண்டியிருக்கலாம். பென் டிரைவின் பெயர் வந்ததும் தேர்ந்தெடுங்கள். அங்கீகாரம் பெற்ற இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற காப்போடு மின்ட் ஒத்துப்போகும். அப்படியும் கணினி மறுத்தால் மட்டும் பயாஸில் அதை அணையுங்கள்.

திரை கறுப்பாகவே நின்றால் பயப்படாதீர்கள். மறுபடி இயக்கி, பட்டியலில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா திரை அட்டை உள்ள கணினிகளில் இது வழக்கமாக நேர்வது.

இப்போது மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. உங்கள் வன்தட்டை அது இன்னும் தொடவில்லை. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் தாள் அடிக்கிறதா என்று எல்லாவற்றையும் சோதியுங்கள். வேகம் மட்டும் குறைவாக இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வைஃபை தெரியவில்லை என்றால் கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் இயக்குங்கள். உடனே இணையம் வரும். நிறுவியபின் டிரைவர் மேனேஜர் வழியாக வைஃபை இயக்கியை அதே இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

8. நிறுவுதல்

மின்னிணைப்பைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். பழைய மின்கலம் பாதியில் கைவிடும். மின்தடை வரும் நேரம் தெரிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

திரையில் உள்ள நிறுவும் சின்னத்தை (ஐகான்) இருமுறை சொடுக்குங்கள். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. ஆனால் நிறுவும்வரை ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளுங்கள், சிக்கல் வந்தால் பிழைச் செய்தியை அப்படியே தேட வசதி. பிறகு தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். விசைப்பலகையில் ரூபாய்க் குறியோடு கூடிய இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால், வலப்பக்க ஆல்ட் விசையோடு 4 அழுத்த ₹ வரும். மல்ட்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று குறியிடுங்கள். இல்லாவிட்டால் சில வீடியோக்கள் ஓடாது.

அடுத்த திரையில்தான் கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகப் படிக்க வேண்டும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு, முழுத் தட்டையும் அழித்து நிறுவு, வேறு வழி என்று மூன்று தேர்வுகள் இருக்கும். விண்டோஸ் வேண்டும் என்றால் முதலாவது. வேண்டாம் என்றால் இரண்டாவது, அதுவும் காப்புப் பிரதியைத் திறந்து பார்த்த பிறகு மட்டும். மூன்றாவதைத் தொடவேண்டாம். எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் என இரண்டு தட்டு இருந்தால் எந்தத் தட்டு என்று அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இறுதி உறுதிப்படுத்தலை அழுத்தும்வரை தட்டில் எதுவும் மாறாது.

விண்டோஸ் இருந்தும் 'பக்கத்தில் நிறுவு' என்ற தேர்வே வரவில்லை, அல்லது வன்தட்டே தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். பெரும்பாலும் பயாஸில் சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் இருக்கும். அதை ஏஹெச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸை முதலில் சேஃப் மோடுக்குத் தயார்ப்படுத்தாமல் மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழிலேயே கேட்கலாம்.

நேர மண்டலத்தில் கொல்கத்தா. பயனர் பெயர் சிறிய ஆங்கில எழுத்துகளில். கடவுச்சொல்லைத் தாளில் எழுதுங்கள், அது இல்லாமல் எந்த மென்பொருளையும் நிறுவ முடியாது. ஹார்ட் டிஸ்கில் எனக்கு 28 நிமிடம் ஆயிற்று, எஸ்எஸ்டி மாட்டியபின் 11 நிமிடம்.

9. முதல் மாலை

அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுங்கள். முதல்முறை சில நூறு எம்பி வரும். பிறகு டிரைவர் மேனேஜர். அடுத்து டைம்ஷிஃப்ட்: ஏதாவது கெட்டால் இயங்குதளத்தை முந்தைய நிலைக்குத் திருப்பும் கருவி. உங்கள் சொந்தக் கோப்புகளை அது காப்பதில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மென்பொருள் வேண்டுமென்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள். உலாவியில் தேடி இஎக்ஸ்இ கோப்பு இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாத தளம் தரும் கட்டளையைப் புரியாமல் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஒட்டாதீர்கள்.

இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டலாம். கணினி கெட்டுவிடவில்லை. உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. விண்டோஸின் நேர அமைப்பில் இணையத்தோடு ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும்.

10. தமிழில் தட்டச்சு

மின்டில் தமிழ் வாசிக்க எதுவும் செய்ய வேண்டியதில்லை. எழுதத்தான் சில அமைப்புகள் தேவை.

என்எச்எம் ரைட்டர் போன்ற விண்டோஸ் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களைத் தேடாதீர்கள், அவற்றின் வேலையை லினக்ஸில் வேறொன்று செய்கிறது. கீபோர்டு அமைப்பில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகையின் பெயரைப் பார்த்ததும் பலரும் அதைச் சேர்த்துவிடுவார்கள். நானும் சேர்த்தேன். கக என்று அடித்தால் க்க என்று தானாகப் புள்ளி விழ வேண்டும், விழவில்லை. அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற நேரடி அமைப்பு, முன்னால் அடித்த எழுத்தை அது பார்ப்பதில்லை. அதே பட்டியலில் டேப், டிஸ்கி என்று யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துக் குறிமுறைகளில் இருப்பவற்றைச் சேர்த்தால் திரையில் வருவது தமிழாகவே இருக்காது.

உண்மையான தமிழ்99 வேண்டுமென்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். இந்த மறுநுழைவைச் செய்யாமல் 'வேலை செய்யவில்லை' என்று கைவிட்டவர்களை நான் அறிவேன். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழே தமிழ்99-ஐச் சேருங்கள். ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி அமைப்புகளும் அங்கேயே உண்டு. இலங்கையில் பழகிய ரங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும்.

அடுத்தது பழைய கோப்புகள். பாமினி போன்ற, யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) அல்லாத எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் அந்த எழுத்துரு இல்லாமல் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். மூன்றாம் படியில் எழுத்துருக் கோப்புகளை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். எழுத்துருக் கோப்பைத் திறந்தால் நிறுவும் பொத்தான் வரும், நிறுவியதும் ஆவணம் பழையபடி தெரியும். நிரந்தரத் தீர்வு அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது. அதை அவசரமில்லாத நாட்களில் செய்யுங்கள்.

விண்டோஸின் லதா எழுத்துரு மின்டில் இல்லை. லதாவில் அமைத்த ஆவணத்தை லிப்ரே ஆபீஸில் திறந்தால் வேறு எழுத்துரு நுழைந்து வரிகள் நகரும், பக்க எண்ணிக்கை மாறும். பக்க எண் முக்கியமான வேலைகளில் நான் இப்போது நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்துகிறேன். அது எல்லா இயங்குதளத்துக்கும் இலவசம் என்பதால் எதிர்முனையில் இருப்பவரையும் நிறுவச் சொல்லிவிடுகிறேன். இறுதிப் பிரதியைப் பிடிஎஃப் ஆக மட்டுமே அனுப்புகிறேன்.

11. முதல் மாதம்

நிறுவிய பென் டிரைவை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். மின்ட் 22 என்றும் தேதியும் எழுதி ஒட்டி, மடிக்கணினிப் பையிலேயே வைத்திருங்கள். கணினி எழும்பாத நாளில் அதிலிருந்து இயக்கிக் கோப்புகளை மீட்கலாம். வெளி ஹார்ட் டிஸ்கில் உள்ள காப்புப் பிரதியைக் குறைந்தது முப்பது நாள் அழிக்காமல் வைத்திருங்கள். இரவல் டிஸ்க் என்றால் கேட்கும்போதே முப்பது நாளுக்கென்று சொல்லி வாங்குங்கள். எந்தக் கோப்பை எடுக்க மறந்தோம் என்பது எனக்கு மூன்றாம் வாரத்தில்தான் தெரிய வந்தது.